முதுகுக் கறை

ஜனவரி 4, ஞாயிறு

கூடைப்பந்து மைதானத்துக்கு எதற்கு நந்தி சிலை? என் மகள் சுபிக்ஷா படிக்கிற கல்லூரியில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பெயர் ரெக்ஸிலின். மூன்றாம் ஆண்டு. கடற்கரை ஊர்ப் பிள்ளை, ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அவள் செய்கிற ஒரே வேலை, வளையத்துக்குக் கீழே குறுக்கே நிற்பது. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி வரும்போது எம்பிப் பிடிக்க வேண்டும். அதைத்தான் ரீபவுண்ட் என்கிறார்கள். உலகமே எம்புகிறது, இவள் நிற்கிறாள். கோயில் நந்தியாவது சாமியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இவள் பந்தைக்கூடப் பார்ப்பதில்லை.

என் பிள்ளை இரண்டாம் ஆண்டுதான். உயரம் கொஞ்சம் மட்டு. ஆனால் எம்பினால் வெள்ளாட்டங்குட்டி தோற்றுப்போகும். அவளை மூன்றாம் கால்பகுதியில்தான் இறக்குகிறார்கள், அதுவும் நந்திக்குத் துணையாக.

கேலரிக்குப் போகும்போது வறுகடலை வாங்கிப் போவேன். சுபி ஒரு ரீபவுண்ட் பிடித்தால் ஒரு கடலை மடியில் வலப்பக்கம். நந்தி பிடித்தால் இடப்பக்கம். இன்று சங்கரன்கோவில்காரிகளோடு ஆட்டம். வலப்பக்கம் குவிந்து கிடந்தது. இடப்பக்கம் இரண்டே இரண்டு, அதையும் நானே தின்றுவிட்டேன்.

கேப்டனின் அம்மா தங்கபுஷ்பம் பக்கத்தில் இருந்தாள். "ரெக்ஸி நல்லா ஆடுனால்லாக்கா?" என்றாள்.

"எங்க ஆடுனா? நின்னாள்லா" என்றேன்.

"அவ நிக்கதே ஒரு வேலைதான்க்கா."

தங்கபுஷ்பத்துக்கு ஊரில் எல்லாரும் நல்லவர்கள். பால் தண்ணீராக இருந்தாலும் பால்காரன் பாவம் என்பாள்.

நான் இவ்வளவு எரிச்சல்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். வளையத்தடி ஆட்டக்காரிகளுக்கு மூன்று இடம். இரண்டு நாகர்கோவில் பிள்ளைகளுக்கு என்று முடிந்துவிட்டதாம். மிச்சம் ஒன்று. அந்த அணியில் ஆடிச் சான்றிதழ் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குக் கதவு திறக்கும். தபால் ஆபீஸ் கவுண்டரில் போய் உட்கார நான் எத்தனை வருஷம் பரீட்சை எழுதினேன் என்று எனக்குத்தான் தெரியும். என் பிள்ளை எம்பியே உள்ளே போய்விடலாம். குறுக்கே ஒரு நந்தி.

ஜனவரி 5, திங்கள்

கவுண்டரில் கூட்டம். முதியோர் பென்ஷன் நாள். ஒரு தாத்தா கைரேகை விழவில்லை என்று என்னைத் திட்டினார். நந்தியைத் திட்ட முடியாததால் நானும் அவரைத் திட்டினேன்.

ஜனவரி 7, புதன்

அணியின் பனியன்களை வீட்டுக்கு வீடு முறை வைத்துத் துவைக்கிறோம். கல்லூரியில் துவைத்தால் காணாமல் போகிறதாம். இந்த வாரம் என் முறை. பன்னிரண்டு வெள்ளைப் பனியன், பன்னிரண்டு கால்சட்டை, ஒரு மூட்டை நாற்றம்.

பதினொன்றாம் நம்பர் மட்டும் தனியாக உயிரை வாங்கியது. நந்தியுடையது, வேறு யாருடையது? முன்பக்கம் சுத்தம். முதுகு முழுக்கச் சிவப்புச் சாயம். சங்கரன்கோவில்காரிகள் புதுச் சிவப்புப் பனியன் போட்டு வந்திருந்தார்கள், வியர்வையில் அது கரைந்து இவள் முதுகில் அப்பியிருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அங்கங்கே ஒரு பொட்டுதான். இவளுக்கு மட்டும் அம்மன் கோயில் சுவர் மாதிரி. ஆட்டம் முழுக்க எதிராளி மேல் சாய்ந்துகொண்டே நின்றால் வேறென்ன ஆகும்? சோம்பேறிக்கு முதுகு சாய்க்க ஏதாவது வேண்டும்.

சுபியின் எட்டாம் நம்பரைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் போட்டுப் போய் வந்தது போல் இருந்தது. முதுகில் ஒரு தூசி இல்லை. அவ்வளவு நறுவிசாக ஆடுகிற பிள்ளை.

சிவப்பு போகவில்லை. அப்படியே மடித்து வைத்துவிட்டேன். அவள் அம்மா முறை வந்தால் தேய்க்கட்டும். அவர்கள் ஊரில் இருந்து யாருமே வருவதில்லை, அது வேறு விஷயம்.

ஜனவரி 10, சனி

தென்காசியோடு ஆட்டம். ஜெயித்தோம். ஆனால் கேலரியில் பேச்சு முழுக்க இரண்டாம் கால்பகுதியில் நடந்ததைப் பற்றித்தான். எதிரணிப் பெண் ஒருத்தி முழங்கையால் நந்தியின் தாடையில் ஒரு இடி இடித்தாள். நடுவர் பார்க்கவில்லை. நந்தி என்ன செய்தாள்? தாடையைத் தடவினாள். போய்ப் பழைய இடத்திலேயே நின்றாள்!

ஜெயசிங் அண்ணாச்சி எழுந்தே விட்டார். அவர் மகளும் அணியில் இருக்கிறாள். ஹார்டுவேர் கடை. மைதானத்துப் புது வளையங்கள் அவர் கொடுத்தவை, அதனால் அவர் கத்தினால் யாரும் உட்காரச் சொல்வதில்லை.

"இடிச்சா திருப்பி இடிக்காண்டாமா? ரோசம் இல்லாத பிள்ளைய எதுக்கு இறக்குதாங்க?" என்றார்.

"திருப்பி இடிச்சா ஃபவுல் அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஃபவுல்னா ஃபவுல். ஒரு பயம் வரணும்லா!"

"ஆளு வளந்திருக்கு, நெஞ்சு வளரல" என்று நான் சொன்னேன். மேல்வரிசை வரைக்கும் சிரித்தார்கள். 'நந்தி' என்ற பேரும் இன்று கேலரி முழுக்கப் பரவிவிட்டது. கடைசிக் கால்பகுதியில் கல்லூரிப் பையன்கள் சிலர் "நந்தி, நந்தி, நகரு நந்தி" என்று தாளம் போட்டார்கள். வைத்த பேர் இப்படிப் பொருந்துவது எல்லாருக்கும் வாய்க்காது.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அதே விவாதம். அவளுக்கு உறுதி இல்லை என்று ஒரு கட்சி, பொறுமைசாலி என்று ஒரு கட்சி. பொறுமை என்பது எம்ப முடியாதவர்கள் கண்டுபிடித்த சொல் என்று நான் போட்டேன். ஏழு பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

சுபி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எம்மா, நீ கத்தாத. கீழ ஆடும்போது உன் சத்தம் மட்டுந்தான் கேக்கு."

"கேக்கட்டும்னுதான கத்துதேன்."

"அவளுக்கும் கேக்குல்லா."

பதில் சொல்வதற்குள் கை கழுவப் போய்விட்டாள். சுபியின் அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார். பஸ் ஓட்டிவிட்டு வந்தவருக்கு வீட்டில் ஹாரன் அடிக்கப் பிடிக்காது.

ஜனவரி 12, திங்கள்

அரைநாள் லீவு போட்டேன். ஜெயசிங் அண்ணாச்சி முன்னாடியே கல்லூரி முதல்வருக்குப் போன் போட்டுவிட்டார். இருவருமாக விளையாட்டுத் துறை எஸ்தர் மேடத்தைப் பார்த்தோம்.

மேடம் நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டார்கள். நான் கடலைக் கணக்கைச் சொன்னேன்.

"நீங்க கைல விழுந்த பந்த எண்ணுதீங்க" என்றார்கள். "நான் வேற எண்ணுதேன்."

"வேற என்ன மேடம் இருக்கு எண்ணதுக்கு?"

அண்ணாச்சி குறுக்கே விழுந்து, "புது வளையம் போட்டது பந்து பிடிக்கத்தான மேடம், நந்திய நிறுத்தி வைக்கவா?" என்றார். மேடத்தின் முகம் ஒரு மாதிரி ஆனது. முதல்வர் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்கள்.

"சரிம்மா. ஞாயித்துக்கிழம அரையிறுதில தொடக்கத்துலயே சுபிக்ஷா இறங்கட்டும். ரெக்ஸி வெளிய இருக்கட்டும். நீங்க முன் வரிசைல வந்து உக்காருங்க."

வரும்வழியில் பிள்ளையாருக்கு ஒரு விடலைத் தேங்காய் உடைத்தேன். நியாயத்தை நான்தான் போய்க் கேட்டேன். கேட்காத பிள்ளைக்குப் பால் கிடையாது. மேடம் சொல்லும்போது கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. இருக்கட்டும், தோற்றவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

ஜனவரி 13, செவ்வாய்

சுபிக்குத் தெரிந்துவிட்டது. என்னோடு பேசவில்லை. நல்லது செய்தவர்களுக்கு இந்த வீட்டில் இதுதான் மரியாதை.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

பேச்சு வந்துவிட்டது, கூடவே விருந்தாளியும் வந்தது. "விடுதியில யாரும் இல்லம்மா, பயிற்சிக்காக இவ மட்டும் இருக்கா" என்று நந்தியைக் கையோடு கூட்டி வந்து நிறுத்திவிட்டாள் மகள். நல்ல நாளில் வாசலுக்கு வந்தவளை என்ன சொல்ல?

"வாங்க" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "வந்தாச்சா" என்றேன்.

அடுக்களை வாசலில் வந்து நின்று, "ஆன்ட்டி, ஏதாவது செய்யட்டா?" என்றாள். வாசலை முழுசாக அடைத்துக்கொண்டாள். உள்ளே இருந்த நானும் வெளியே போக முடியாது, வெளியே இருந்தவரும் உள்ளே வர முடியாது. பிறவிக் குணம்! தாடையில் பச்சையாகக் கன்றியிருந்தது. மஞ்சள்பொடி குழைத்துக் கொடுத்தேன், பார்க்கச் சகிக்காமல்தான்.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. பொங்கல் வைத்தால் பொங்கல், சாம்பார் வைத்தால் சாம்பார், எதையும் ஒதுக்கவில்லை. "எங்கம்மா மீன் ஏலத்துக்குப் போயிருவாங்க, பண்டிகைக்குக்கூட ஆறுன சோறுதான்" என்று சிரித்தாள். சுபியின் அப்பா அவளுக்கு இரண்டாவது கரும்பையும் ஒடித்துக் கொடுத்தார். எனக்குக் கொடுத்ததில்லை.

சாயங்காலம் பின்கட்டில் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். இரண்டு பேரும் துவைகல் பக்கம் ஒருத்தி மேல் ஒருத்தி இடித்துக்கொண்டு நின்றார்கள். நந்தி பாடம் எடுக்கிறாள்!

"இடுப்ப இறக்கு. இன்னும் இறக்கு. காலு ரெண்டும் அகலமா. ஆ, இப்ப என்னய முதுகால தேடு. நான் எங்க போறேன்னு முதுகுக்குத் தெரியணும்."

"பந்து?" என்று கேட்டாள் சுபி.

"பந்தப் பாக்காத."

கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன். பந்தைப் பார்க்காதேயாம்! தன் இடம் போகிறது என்று தெரிந்த பெண், அந்த இடத்துக்கு வருகிறவளிடம் சொல்லிக்கொடுக்கிற லட்சணம் இது. நான் போட்ட சோறு செரிப்பதற்குள் என் பிள்ளைக்கே குழி. எவ்வளவு அமைதியான முகம், எவ்வளவு சூது!

அவள் போன பிறகு சுபியிடம், "அவ சொல்லுதத கேக்காத. நீ எப்பவும்போல எம்பு" என்றேன்.

"சரிம்மா" என்றாள் சுபி. "ஞாயித்துக்கிழம நீ சொல்லுத மாதிரியே ஆடுதேன்."

என் பேச்சையும் கேட்கிற பிள்ளைதான்.

ஜனவரி 18, ஞாயிறு

அரையிறுதி. நாகர்கோவில் அணி, பச்சைப் பனியன். முன் வரிசையில் உட்கார்ந்தேன். புதுக் கடலைப் பொட்டலம்.

சுபி எம்பினாள். நான் சொன்னபடியே எம்பினாள். ஆனால் அவள் எம்புவதற்கு முன்னாலேயே இரண்டு பச்சைக்காரிகள் வளையத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை. இதற்கு முந்தின ஆட்டங்களில் இப்படி யாரும் உள்ளே வந்ததில்லை. சுபி மேலே போனால் ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். நடுவில் இவள் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிய பிள்ளை மாதிரி. ஒரு தடவை மூன்று பேருமாக விழுந்தார்கள், என் பிள்ளை அடியில். உதடு கிழிந்து ரத்தம்.

நான் நடுவரைப் பார்த்துப் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது.

பாதி ஆட்டம் முடிந்தபோது மடியின் வலப்பக்கம் மூன்று கடலை. பதினாறு புள்ளி பின்னால் இருந்தோம். பின்னால் ஜெயசிங் அண்ணாச்சி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சுபி ஒரு காரியம் செய்தாள். உதட்டில் பஞ்சை வைத்துக்கொண்டு நேராக மேடத்திடம் போனாள். ஏதோ சொன்னாள். பெஞ்சைக் காட்டினாள். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெக்ஸி!" என்று கூப்பிட்டார்கள்.

நந்தி எழுந்து வந்தாள். கேலரியில் பையன்கள் தாளத்தைத் தொடங்கினார்கள். நான் சேரவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

தங்கபுஷ்பம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஒரே ஒரு தடவ பந்தப் பாக்காதீங்க. அவள மட்டும் பாருங்க."

சும்மா, அவள் வாயை அடைப்பதற்காகத்தான் பார்த்தேன். பந்து மேலே போனது, எல்லாத் தலையும் மேலே போனது. நந்தி மட்டும் திரும்பினாள். இடுப்பை இறக்கி, காலை அகட்டி, தன் முதுகால் அந்தப் பெரிய பச்சைக்காரியைத் தேடிப் பிடித்தாள். அவள் இடப்பக்கம் நகர்ந்தால் இவளும் இடப்பக்கம். அவள் முதுகில் குத்தினாள், முழங்காலால் இடித்தாள், பனியனைப் பிடித்து இழுத்தாள். இவள் நகரவில்லை. இன்னொருத்தி ஓடி வந்து அந்த முதுகிலேயே மோதி நின்றாள். இரண்டு பேரை ஒரு முதுகு தாங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வளையத்தடியில் என் பிள்ளை மட்டும் இருந்தாள், தனியாக. பந்து அவள் கையில் நாவல்பழம் மாதிரி வந்து விழுந்தது.

கேலரி "சுபி! சுபி!" என்று கத்தியது.

கடலையை எந்தப் பக்கம் போட என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். கடலை நசுங்கிப் போயிருந்தது.

ஜனவரி 19, திங்கள்

காலையிலேயே சுபியோடு சண்டை. கிடைத்த இடத்தை யாராவது தானாகப் போய்த் திருப்பிக் கொடுப்பார்களா என்று கேட்டேன். கிடைத்ததல்ல, நீ பிடுங்கியது என்றாள். பெற்றவளிடம் பேசுகிற பேச்சா?

"நீ எண்ணுன ரீபவுண்டு எதுவுமே நான் பிடிச்சதில்லம்மா" என்றாள். உதடு வீங்கியதால் சொல் சரியாக வரவில்லை. "எல்லாம் அவ எனக்கு விட்டுத்தந்தது. அவ அடி வாங்குவா, நான் பந்து வாங்குவேன். நீ கடலைய தப்பான பக்கம் போட்டுட்ட."

"நீ சொல்லியிருக்கலாம்லா?"

"எப்ப? நீ எப்ப கேட்ட?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது, ஆத்திரத்தால்தான். ஆபீஸுக்கு அரைமணி நேரம் தாமதம்.

ஜனவரி 21, புதன்

எழுத ஒன்றுமில்லை. வாட்ஸ்அப் குழுவில் இறுதி ஆட்டத்தைப் பற்றி ஒரே அடிதடி. நான் எதுவும் போடவில்லை. யாரோ நந்தி படம் ஒன்றுக்குக் கூடைப்பந்து பனியன் மாட்டி அனுப்பியிருந்தார்கள். நல்லாவே இல்லை.

ஜனவரி 24, சனி

இறுதி ஆட்டம், தூத்துக்குடியோடு. அவர்களுக்கு நீலப் பனியன். தேர்வுக்குழுவில் இருந்து மூன்று பேர் வந்து மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடலை வாங்கவில்லை.

ரெக்ஸியும் சுபியும் தொடக்கத்திலிருந்தே ஆடினார்கள். முதல் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. நான் பந்தைப் பார்க்கவில்லை, என் பிள்ளையைப் பார்த்தேன். அவள் எம்பவில்லை. திரும்பினாள். இடுப்பை இறக்கினாள். நீலப் பனியன்காரி ஒருத்தியை முதுகால் தேடிப் பிடித்தாள். பந்து ரெக்ஸியின் கைக்குப் போனது.

ஏதோ ஒரு தடவை என்று நினைத்தேன். அடுத்த தடவையும் அதே. அதற்கடுத்ததும். ரெக்ஸி திரும்பிப் பார்த்து, "நீ எடு, நீ எடு" என்று கத்தியது முன் வரிசைக்குக் கேட்டது. சுபி தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. இவள் குத்து வாங்குகிறாள், அவள் பந்து வாங்குகிறாள். மேசையில் மூன்று பேரும் ரெக்ஸி பிடிக்கும்போதெல்லாம் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள். அடப் பாவிகளா! இவர்களும் கடலை எண்ணுகிற கூட்டம்தான். மேசையும் பேட்ஜும் இருப்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பின்னாலிருந்து ஜெயசிங் அண்ணாச்சி: "என்ன தங்கச்சி, உம்ம மவ இன்னைக்கு ஒரு பந்தும் பிடிக்கல? அவளும் நந்தியாட்டம் நிக்காளே! பிள்ளைக்குப் பயமோ?"

பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகவே தெரிந்த சிரிப்பு.

எழுந்து திரும்பினேன். "அண்ணாச்சி, கண்ணு மேல இருந்தா வானத்த பாரும். கீழ இருந்தா எம்மவ முதுகப் பாரும். அந்த இடத்துல ஒரு நிமிசம் நின்னீர்னா உம்ம ஹார்டுவேர் எல்லாம் கழந்துரும்."

தங்கபுஷ்பம் என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு புள்ளியில் ஜெயித்தோம். பரிசளிப்பு மேடையிலேயே பேர் படித்தார்கள். பல்கலைக்கழக அணிக்கு ரெக்ஸிலின். "ரீபவுண்டில் தனி ஆளாக அசத்தியவர்" என்று மைக்கில் சொன்னார் அந்த மூவரில் ஒருவர். தனி ஆளாக! ரெக்ஸி மேடையில் ஏறாமல் சுபியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தாடையில் இடி வாங்கியபோது வராத கண்ணீர்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "வேணும்னேதான செஞ்ச?"

"அவளுக்குக் கடைசி வருசம்மா. எனக்கு அடுத்த வருசம் இருக்கு."

"அடுத்த வருசம் உனக்கு யாருட்டி குறுக்க நிப்பா?"

அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னே நடந்தாள். வலிக்கிறது. எழுதும்போதும் வலிக்கிறது. இருந்த ஒரு இடம் போனது. பெற்ற வயிறு வேறென்ன செய்யும்?

ஜனவரி 25, ஞாயிறு

முறைப்படி இந்த வாரம் துவைக்க வேண்டியது தங்கபுஷ்பம் வீடு. நானே கேட்டு மூட்டையை வாங்கி வந்தேன்.

பதினொன்றாம் நம்பரை முதலில் எடுத்தேன். பழைய சிவப்பு இன்னும் மங்கலாக இருந்தது, அதன் மேல் அரையிறுதியின் பச்சை. நீலம் துளிகூட இல்லை. எட்டாம் நம்பரை விரித்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் நீலம். தோள்பட்டைப் பக்கம் நகத்தால் இழுத்து நூல் பிரிந்திருந்தது.

சுபி முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "எம்மா, அது போயிருமா?"

பிளீச்சிங் டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "போவாது" என்றேன்.

சோப்பு நுரையில் முக்கி அலசி எடுத்தேன். தேய்க்கவில்லை. பின்கட்டுக் கொடியில் இடம் இருந்தது. ஆனால் இரண்டு பனியனையும் வாசல் கொடிக்குக் கொண்டுபோய், அருகருகே, முதுகுப் பக்கம் தெருவைப் பார்க்கிற மாதிரி காயப்போட்டேன். ஜெயசிங் அண்ணாச்சி கடைக்குப் போவது இந்த வழியாகத்தான்.